பயங்கரனுக்கு மூலம்

இதை நான் சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன், பின்னால் சொல்ல வேண்டியதை மறந்தே போவேன். வேறு ஊராக இருந்தால் பரவாயில்லை, கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் கொட்டாவிப்பட்டி அப்படியில்லை. இங்கே ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் யாராவது எழுந்து போய் அதைச் செய்துவிட்டு வந்துவிடுவார்கள். சரியாகச் சொன்னாலும் செய்துவிடுவார்கள். அதை நினைத்தால்தான் இன்னும் பயம்.

ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம், "ஏங்க, பாலைக் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தால் அடுப்பெல்லாம் பால். மனுசன் சம்மணம் போட்டு அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க இது?"

"பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கண்ணைக்கூட சிமிட்டலை."

அவர் பெயர் பவுன்ராசு. வீர அனுமார் இளைஞர் மன்றத்துக்குத் தலைவர். மன்றத்தில் மொத்தம் நாலு பேர். இவர், ஒச்சுக்காளை, மொக்கைச்சாமி, சோணை. இளைஞர்களிலேயே இளையவரான சோணைக்குப் போன வருசம்தான் பேரன் பிறந்தான். தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் மன்றத்துக்குச் சொந்தமாக முதுகுப்பலகை வைத்த பெஞ்சு ஒன்று உண்டு. அதில் நாலு பேர்தான் உட்காரலாம். அதனால் ஐந்தாவது ஆளைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

இந்த நாலு பேர் கையில் என் தம்பியின் கல்யாணம் சிக்கிக்கொண்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் தம்பி தெய்வேந்திரன் பக்கத்து டவுனில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். பல்லி விழுந்தால்கூட "பாவம்க்கா, அடிபட்டுருக்கும்" என்று குனிந்து பார்க்கிற பிள்ளை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவன் பெயர் பயங்கரன். டவுன் கல்யாண மண்டபத்தில் நாலு கம்பம் நட்டு, கயிறு கட்டி, பலகை மேடை போட்டு, கேபிள்காரர் சேவியர் 'சனிக்கிழமைச் சண்டை' என்று குஸ்தி நடத்துகிறார். அதை அவருடைய கேபிளில் நேராகவே காட்டுவார்கள். அதில் என் தம்பி முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்து எதிராளியின் முடியைப் பிடித்து இழுப்பான், நடுவருக்குத் தெரியாமல் கடிப்பான், கடைசியில் தோற்றுப்போவான். தோற்கத்தான் வேண்டும். பேச்சே அப்படி.

முதல் தடவை பார்த்துவிட்டு நான் அழுத அழுகையில் அவனே வந்து சமாதானம் சொன்னான். "பயப்படாதேக்கா. தாங்க முடியலைன்னா தரையில மூணு தட்டு தட்டினாப் போதும். தோத்ததா அர்த்தம். அதுக்கப்புறம் அவனை யாரும் தொடக் கூடாது, ஒரு கேள்வி கேட்கக் கூடாது."

இவ்வளவு நல்ல சட்டம் குஸ்தியில் மட்டும் ஏன் இருக்கிறது என்று அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தேன்.

அவனுக்குப் பூங்கோதை என்ற பெண்ணைப் பார்த்தோம். பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா அழகுமலை, பலசரக்குக் கடைக்காரர். அவருக்குத்தான் மனசு வரவில்லை.

"வாரா வாரம் நாலு சனத்துக்கு முன்னால தோத்துட்டு வர்றது ஒரு பொழப்பா தாயி?" என்றார் என்னிடம். "இருந்தாலும் எம்மக ஆசைப்படுது. ஆளைப் பத்தி நாலு பேர் நல்லபடியாச் சொல்லட்டும், பொண்ணைத் தர்றேன். இல்லேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுருவோம்."

நான் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

மன்றம் உடனே கூடியது.

"நாலு பேர்னு சொன்னாரா, மூணு நாலு பேர்னு சொன்னாரா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நாலு பேர்னுதாங்க சொன்னார்."

சோணை விரலை மடக்கி பெஞ்சில் இருந்தவர்களை எண்ணினார். "நாம நாலு பேரு."

"அப்ப நம்மளைத்தான் சொல்லியிருக்கார்" என்றார் மொக்கைச்சாமி.

"நம்ம பேரைச் சொல்லலையேப்பா?" என்று ஒச்சுக்காளைக்குச் சந்தேகம்.

"மரியாதை தெரிஞ்ச மனுசன். பெரியவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரா?"

அதோடு தீர்மானமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து சேவியருக்கும் ஆள் தேவைப்பட்டது. குஸ்தி முடிந்ததும் பார்த்தவர்களில் சிலரை உட்கார வைத்து ஆட்டங்களை விமர்சனம் செய்யச் சொல்லி கேபிளில் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. டவுனில் ஒருவரும் வரவில்லை. டிவியில் சொன்னால் அழகுமலைக்கும் கேட்கும் என்று எங்கள் நாலு பேரும் போய் நின்றதும் அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அவர் வெளியூர்க்காரர். வெளியூர்க்காரர்கள் பேசுகிற மாதிரி யோசிக்காமல் பேசினார்.

"ஒண்ணும் பெரிய வேலை இல்லண்ணே. ஆட்டத்தை நல்லாப் பாருங்க. நடுநிலையா இருக்கணும். யார் பக்கமும் சாயக் கூடாது. கடைசியில ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நட்சத்திரம் போட்டுக் குடுங்க. அவ்வளவுதான்."

நானும் கூடப் போயிருந்தேன். "அண்ணே, இவங்களுக்குக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லிட்டா..." என்று இழுத்தேன்.

"இதுல விளக்க என்னம்மா இருக்கு?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானமே நாலு பேரும் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நடுநிலை என்றால் நடுவில் இருக்க வேண்டாமா? கயிறு பிடித்து மண்டபத்தை நீளத்திலும் அகலத்திலும் அளந்தார்கள். கயிற்றை இரண்டாக மடித்துப் பிடித்தார்கள். சரியான நடு எங்கே வந்தது என்றால், குஸ்தி மேடைக்கு மத்தியில் வந்தது. பெஞ்சை அங்கே போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

அடுத்தது சாயாமல் இருப்பது. அதற்கு ஒரு விவாதம் நடந்தது.

"பெஞ்சுக்கு முதுகுப்பலகை இருக்கே. சாஞ்சா தப்பாயிருமே" என்றார் சோணை.

"யார் பக்கமும் சாயக் கூடாதுன்னுதான் சொன்னாரு. நமக்குப் பின்பக்கம் யாரு இருக்கா?"

சோணை திரும்பிப் பார்த்தார். "யாரும் இல்லை."

"அப்ப பின்னால சாயலாம். இடது வலதுதான் ஆகாது."

இடதும் வலதும் ஆடாமல் இருக்க, அளந்த கயிற்றாலேயே நாலு பேரையும் சேர்த்து முதுகுப்பலகையோடு கட்டிக்கொண்டார்கள். கடைசி முடிச்சைப் போட வெளியே ஆள் இல்லாததால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். "தெய்வேந்திரன் கல்யாணம் வேணுமா, வேணாமா?" என்றார் என் வீட்டுக்காரர். போட்டேன்.

ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் மேடையில் ஏறினார்.

"யாருய்யா நீங்க? இறங்குங்க கீழே."

"நீ யாரு முதல்ல?" என்றார் ஒச்சுக்காளை.

"நான் நடுவர்."

"நீயும் நடுவுலதானா? இங்க இடம் இல்லப்பா. நாலு பேர்தான் உட்காரலாம்."

நடுவர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. நான் எதைச் செய்தாலும் பயத்தில் கொஞ்சம் இறுக்கித்தான் செய்வேன். அதற்குள் கேபிளில் காட்டத் தொடங்கிவிட்டார்கள். சேவியர் கீழே நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதல் ஆட்டம் புயலுக்கும் சூறாவளிக்கும். இருவரும் வாலிபப் பையன்கள். பெஞ்சைச் சுற்றிச் சுற்றி ஓடித்தான் அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சூறாவளி புயலைத் தூக்கிப் போட்டான். புயல் மொக்கைச்சாமியின் காலடியில் வந்து விழுந்தான்.

"அடி பட்டுருச்சா தம்பி?"

"இல்லண்ணே. சும்மா நடிக்கிறேன். பேசாதீங்க" என்றான் அவன், வாயை அசைக்காமல்.

"அடி படலையாம்!" என்று மொக்கைச்சாமி மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "சும்மா நடிக்கிறானாம். யாரும் பயப்படாதீங்க!"

மண்டபம் சிரித்த சிரிப்பில் புயலும் சிரித்துவிட்டான். அந்த ஆட்டம் அதோடு முடிந்தது.

அடுத்தது என் தம்பி. எதிரே தங்கக் கழுகு. மஞ்சள் துண்டு போர்த்தி, பாட்டெல்லாம் போட்டு வருவான். கம்பத்தின் உச்சியில் ஏறி, கீழே படுத்திருப்பவன் மேல் பாய்வதுதான் அவனுடைய பெரிய வித்தை. அன்றைக்கும் ஏறினான். என் தம்பி பேச்சுப்படி கீழே படுத்திருந்தான். கழுகு இரண்டு கையையும் விரித்து, எப்போதும்போலக் கண்ணை மூடிக் கும்பிட்டான்.

படுத்திருந்த என் தம்பிக்குத்தான் தெரிந்தது. கழுகு பாய்ந்தால் அவன் மேல் விழமாட்டான். நடுவில் கட்டிப்போட்டிருக்கிற பெஞ்சின் மேல்தான் விழுவான்.

அவன் எழுந்துவிட்டான். எழுந்தவன் பெஞ்சுக்குப் பின்னால் போய்க் குனிந்து, வெங்காய மூட்டையை ஏற்றுகிற மாதிரி பெஞ்சையும் நாலு பேரையும் சேர்த்து முதுகில் ஏற்றினான். நடந்தான். கயிற்றுக்கு மேலாக வெளியே கொண்டுபோய் மெதுவாக இறக்கி வைத்தான். அவ்வளவு நேரமும் நாலு பேரில் ஒருவர்கூட எந்தப் பக்கமும் சாயவில்லை. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கழுகு பாய்ந்து வெறும் பலகையில் விழுந்து அப்படியே கிடந்தான். தனியாகக் கிடந்தவனைப் பார்த்து நடுவர் பழக்கத்தில் பலகையைத் தட்டி மூன்று எண்ணிவிட்டார். அதற்குள் எழுந்திரிக்காவிட்டால் தோல்விதான். கழுகு தோற்றுவிட்டான். யாரிடம் தோற்றான் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மண்டபமே எழுந்து நின்று "பயங்கரன்! பயங்கரன்!" என்று கத்தியது. என் தம்பிக்கு அதுவரை யாரும் கை தட்டியதில்லை. கரி பூசின முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அழகுமலை அண்ணன் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார், கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று நானும் அழுதேன். நட்சத்திரம் பாக்கி இருந்ததை மறந்துபோனேன்.

கயிற்றை அறுத்து நாலு பேரையும் விடுவித்தார்கள். மண்டபத்துச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

"ஆட்டத்துக்கு ஏதுப்பா நட்சத்திரம்? ஆடினவனுக்குத்தானே நட்சத்திரம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பிறந்த நேரம் தெரியாதே."

"பேரோட முதல் எழுத்தை வச்சுப் பார்க்கலாம். பின்பக்கத்துல போட்டிருக்கான் பாரு. சூறாவளிக்குச் சு. அசுவினி. எழுதிக்க. புயலுக்குப் பூராடம். தங்கக் கழுகுக்குத் த. சுவாதி."

"பயங்கரனுக்குப் ப. ப-வுக்கு உத்திரமும் இருக்கு, மூலமும் இருக்கே தலைவரே."

நாலு பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் ஒச்சுக்காளை தலையை அண்ணாந்து மண்டபத்துக் கூரையைப் பார்த்தார்.

"இது சிமெண்டுக் கூரை. இங்க உத்திரமே கிடையாது."

"அப்ப மூலம்தான்."

எழுதிக் கொடுத்தார்கள். அறிவிப்பு சொல்கிற பெண் சேவியரின் அக்கா மகள். கையில் எதைக் கொடுத்தாலும் நிறுத்தி நிதானமாக, சிரித்த முகத்தோடு படிக்கிற பிள்ளை. நாலு ஊருக்கும் கேட்கும்படி அது படித்தது:

"அடுத்ததாக, பயங்கரன். பயங்கரனுக்கு மூலம். இதைக் கொட்டாவிப்பட்டி இளைஞர் மன்றத்தின் நாலு பேரும் ஒருமனதாக உறுதி செய்திருக்கிறார்கள்."

மறுநாள் காலையிலேயே அழகுமலை அண்ணன் வந்துவிட்டார். கூடவே பூங்கோதையும் வந்து வாசல்படியில் நின்றது. நாலு பேரும் எங்கள் வீட்டில்தான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் தம்பி மூலையில் நின்றான்.

"மாப்பிள்ளைக்கு மூலம்னு டிவியில சொல்றாங்க. அதுவும் நாலு பேர் சொல்றாங்க" என்றார் அவர்.

"அது நட்சத்திரம்ங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அழகுமலை அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தாயி, நீ சொல்லு. உன் தம்பி நட்சத்திரம் என்ன?"

பொய் சொல்ல எனக்குப் பயம். "ரேவதிண்ணே" என்றேன்.

"நட்சத்திரம் ரேவதின்னா, அப்ப மூலம் வியாதிதானே?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் என் வீட்டுக்காரர் உதவிக்கு வந்தார். "வியாதியெல்லாம் இல்லண்ணே. நேத்து நீங்களே பார்த்திருப்பீங்களே. நாங்கதான் உட்கார்ந்திருந்தோம். அவன் ஒரு தடவைகூட உட்காரலையே!"

"உட்காரவே முடியலையா?" என்றார் அழகுமலை அண்ணன்.

என் தம்பி தான் நல்லாயிருக்கிறதைக் காட்ட, பட்டென்று உட்கார்ந்தான். மொக்கைச்சாமியின் இட்லித் தட்டின் மேல் உட்கார்ந்தான். சட்னி கொதிக்கக் கொதிக்கத் தாளித்திருந்தேன். "ஆ!" என்று துள்ளி எழுந்தான். அழகுமலை அண்ணன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். சம்பந்தம் வாசல்படி தாண்டிப் போகிறதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வாசலில் பூங்கோதை வழியை விடவில்லை.

"அப்பா, மூலம் இருக்கிற ஆளு நாலு பேரை முதுகுல தூக்குவாரா?"

அவர் நின்றார். "அதுவும் சரிதான். நாலு பேர் சேர்ந்து ஒரு ஆளைத் தூக்கிட்டுப் போய் நிறையப் பார்த்திருக்கேன். ஒரு ஆளு நாலு பேரைத் தூக்கி இப்பத்தான் பார்க்கிறேன். ஆனா என் வார்த்தை ஒண்ணு இருக்கே. நாலு பேர் நல்லபடியாச் சொல்லணும்னு சொன்னேன். சொல்லலையே."

"அட, அதுதானா?" என்றார் என் வீட்டுக்காரர். கையைக் கழுவிவிட்டு வந்து அவர் முன்னால் நேராக நின்றார்.

"நல்லபடியா" என்றார்.

"நல்லபடியா" என்றார் ஒச்சுக்காளை.

"நல்லபடியா" என்றார் சோணை.

மொக்கைச்சாமி தன் இட்லித் தட்டைத் தேடிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் அவரை இடித்தார்கள். "ஆங், நல்லபடியா."

அழகுமலை அண்ணன் விரலை மடக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இன்னொரு தடவை மடக்கிப் பார்த்தார்.

"நாலு பேரும் சொல்லிட்டாங்க. இனி நான் பேச்சு மாறினா மனுசன் இல்லை. வர்ற முகூர்த்தத்துலயே வச்சுக்குவோம்" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, சம்பந்தி நம்ம ஊருக்கு ஏற்ற ஆள்தான் என்று. பூங்கோதை மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

கல்யாணம் அதே மண்டபத்தில். முகூர்த்தம் சனிக்கிழமை விழுந்தது. சாயங்காலம் குஸ்தி இருக்கிறது, மேடையைப் பிரிக்க முடியாது என்று சேவியர் சொல்லிவிட்டார். அதனால் நாலு கம்பத்திலும் வாழை மரம் கட்டி, கயிற்றிலெல்லாம் மாவிலைத் தோரணம் தொங்கவிட்டு, குஸ்தி மேடையையே மணமேடை ஆக்கினோம். நடுவரும் கழுகும் புயலும் சூறாவளியும் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சேவியர் இதையும் கேபிளில் நேராகக் காட்டினார்.

"நாங்க என்ன செய்யணும்?" என்று நாலு பேரும் வந்து நின்றார்கள்.

ரொம்ப யோசித்து, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆபத்து வராத வார்த்தையாகப் பொறுக்கி, "ஒண்ணும் செய்ய வேணாம். நடக்கிறதை மட்டும் கவனிங்க" என்றேன்.

தம்பி தாலியை எடுத்து முதல் முடிச்சைப் போட்டான். மேடைக்குக் கீழே இருந்து பலகையில் 'டொம்' என்று ஒரு அடி விழுந்தது. "ஒண்ணு!" என்றார் ஒச்சுக்காளை.

மீதி இரண்டு முடிச்சையும் நாத்தனார்தான் போட வேண்டும். நான்தான் நாத்தனார். இரண்டாவதைப் போட்டேன். 'டொம்!' "ரெண்டு!"

போடாமல் விட முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதையும் போட்டேன்.

"மூணு! முடிஞ்சது!"

சூறாவளி பழக்கத்தில் ஓடிப்போய், ஆட்டம் முடிந்தால் அடிக்கிற மணியை அடித்துவிட்டான். நடுவர் பழக்கத்தில் மேடை ஏறிவிட்டார். ஏறினவர், ஜெயித்தவர் கையைத் தூக்குவதற்காக மாப்பிள்ளையையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு கையைத் தூக்க?"

"தலை குனிஞ்சிருக்கிறது பொண்ணு. அப்ப மாப்பிள்ளைதான் ஜெயிச்சது" என்றார் சோணை.

"எவன்யா அது, எம்மக தோத்துச்சுன்னு சொல்றவன்?" என்று அழகுமலை அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சண்டை போடாதீங்க. நியாயமாப் பார்ப்போம்" என்றார் என் வீட்டுக்காரர். "முடிச்சு மூணு. அதுல மாப்பிள்ளை போட்டது ஒண்ணு. என் சம்சாரம் போட்டது ரெண்டு. அப்ப ஜெயிச்சது யாரு?"

நாதசுரக்காரர்கூட வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். நடுவர் என் கையைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான். சம்பந்தி என்னைப் பார்த்தார். கேமராவும் என் பக்கம் திரும்பியது.

"நீயே சொல்லு புள்ள. யார் ஜெயிச்சது?" என்றார் என் வீட்டுக்காரர்.

தம்பி என்றால் சம்பந்தி போய்விடுவார். பெண் என்றால் எங்கள் சனம் கோபித்துக்கொள்ளும். நான் என்றால் ஊர் என்ன சொல்லும்? வாய் திறந்து எதைச் சொன்னாலும் யாராவது அதைச் செய்துவிடுவார்கள்.

பட்டுப்புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டேன். மணமேடையில் மெதுவாக உட்கார்ந்து, பலகையில் மூன்று தட்டு தட்டினேன்.

நடுவர் உடனே விலகிக்கொண்டார். என் வீட்டுக்காரர் இரண்டு அடி பின்னால் போனார். சம்பந்தி மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டார். நாதசுரம் தொடங்கியது. தம்பி சொன்னது சரிதான். யாரும் என்னைத் தொடவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை.

சோணை மட்டும் கயிற்றுக்கு அடியில் தலையை விட்டு, நாள்காட்டியும் கையுமாக மெதுவாகக் கேட்டார். "மதினி, உங்களுக்கு என்ன நட்சத்திரம்?"

இன்னொரு மூன்று தட்டு தட்டினேன்.